நாற்பத்தொன்றாம் பாட்டில்

பிள்ளைகளே, ஜன்னலோரத்து மைக்ராஸ்கோப்பின் முன்னால் இப்போது உங்களில் யார் உட்காருகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். படித்தது பத்தாம் வகுப்பு. அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறினவன். உங்களுக்குப் பாடம் நடத்த எனக்குத் தகுதி கிடையாது. அதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது பயம். அடையாற்றில் அந்தக் கட்டடத்துக்குள் நான் பயந்ததுபோல என் வாழ்க்கையில் வேறெங்கும் பயந்ததில்லை. அதைத்தான் எழுதித் தருகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் அந்த உயிர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஒரு கூழாங்கல்லை என் கையில் கொடுத்தார். அவரை நாங்கள் பெரிய சார் என்போம்.

"என்னய்யா தெரியுது?"

"சுண்ணாம்பு அப்பியிருக்கு சார்."

"உள்ள வச்சுப் பாரு."

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் அத்தனையும் வீடுகள். கோடம்பாக்கத்து ஹவுசிங் போர்டு குடியிருப்பை ஆகாயத்திலிருந்து பார்ப்பதுபோல, சுவரோடு சுவர் ஒட்டி, வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான அறைகள். அறைக்கு ஒரு உயிர். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. எல்லாம் ஒரே உயிரிலிருந்து மொட்டு விட்டுப் பெருகியவை. சில அறைகள் சாப்பிடுவதற்கு, சில குஞ்சு வளர்ப்பதற்கு. சில அறைகளின் வாசலில் கிளிமூக்கு மாதிரி ஒரு அலகு இருக்கும், அது காவலுக்கு. தமிழில் பாசி விலங்கு என்று எழுதுகிறார்கள். சேர்ந்து வாழும் ஒரு கூட்டத்தை நாங்கள் காலனி என்போம். துருவக் கடலின் அடியில், கை வைத்தால் விறைத்துப்போகும் தண்ணீரில், இவை கல்லின்மேல் படர்ந்து வளர்கின்றன. கப்பலில் போகிறவர்கள் கல்லோடு அள்ளி, ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புவார்கள். எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்வது ஆராய்ச்சி மாணவர்களின் வேலை. கல்லிலிருந்து காலனியைப் பெயர்த்துப் பாட்டிலில் போட்டு, கப்பலுக்குக் கப்பல் ஒன்றிலிருந்து எண் கொடுத்து, பென்சிலால் லேபிள் எழுதி உள்ளே போடுவது என் வேலை. பேனாவால் எழுதினால் ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும்.

என் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. காலனி உடைந்துவிட்டால், எல்லாத் துண்டுகளையும் ஒரே பாட்டிலில் போட்டு, லேபிளில் 'எடுக்கும்போது உடைந்தது' என்று எழுத வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். அதை நான் மீறியது ஒரே ஒரு தடவை.

ஓய்வு பெறுவதற்கு நான்கு வருஷம் இருந்தது. மெட்ரோவுக்காக வெளியே ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு காலனிகளை உடைத்துவிட்டேன். இரண்டையும் முறையாக லேபிளில் எழுதினேன். பெரிய சார் அவற்றைப் படித்துவிட்டு, எல்லார் எதிரிலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அருளப்பா, இது என்ன அப்பளமா? ஒருத்தன் ரெண்டு மாசம் ஐஸ்ல கெடந்து எடுத்தாந்து குடுக்கிறான், நீ இங்க உக்காந்து நொறுக்கிட்டிருக்கே. இன்னொண்ணு ஒடஞ்சுதுன்னா துருவக் கடல் சாம்பிளைத் தொடவே வேணாம். போய் பாட்டில் கழுவு."

பாட்டில் கழுவுவதில் கேவலம் ஒன்றுமில்லை. சேர்ந்த புதிதில் நானும் கழுவினவன்தான். ஆனால் ஐம்பத்து நாலு வயதில், கை போய்விட்டது என்று நாலு பேர் சொல்ல, அந்த ஸ்டூலைவிட்டு இறங்குவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு காலனி. கத்தி முனையை அடியில் கொடுத்து நெம்பினேன். சத்தம்கூட வரவில்லை. நடுப்பகுதி தனியாகவும், ஓரம் பிறை மாதிரித் தனியாகவும் கழன்று வந்தது. அறையில் யாரும் இல்லை. வராந்தாவில் பெரிய சாரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், கை தானாகவே செய்தது. பிறையை நாற்பதாம் பாட்டிலில் போட்டேன். நடுத்துண்டை நாற்பத்தொன்றில் போட்டு, அதே கல்லில் ஒட்டியிருந்த இன்னொரு காலனி என்பதுபோல லேபிள் எழுதினேன். ஒரு கல்லில் இரண்டு மூன்று காலனிகள் இருப்பது சகஜம். யாருக்கும் சந்தேகம் வராது.

பெரிய சார் எட்டிப் பார்த்தார். "எல்லாம் முழுசா வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"ம். கைய நிதானமா வை."

வருஷம் ஒன்று தாண்டியது. உண்மையைச் சொன்னால், நான் அதை மறந்தே போனேன்.

அப்போது எங்களிடம் வள்ளி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி.நகரில் ஜவுளிக்கடை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "எங்கப்பா கண்ணை மூடிக்கிட்டு நூறு புடவையத் தொட்டுப் பாத்து எது எந்த ஊரு நெசவுன்னு பிரிச்சுச் சொல்வாருண்ணே. அது பெரிய வித்தையாம். நான் பிரிச்சா மட்டும், 'பூச்சிக்கு எதுக்கும்மா அஞ்சு வருஷம்?'ங்கிறாரு" என்று சிரிப்பாள். அவளுடைய ஆய்வேடு முடியும் தறுவாயில் இருந்தது. வெளிநாட்டில் ஒரு அருங்காட்சியகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். குறித்த தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

ஒருநாள் காலை, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, நாப்பத்தொண்ணு!"

எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தேன்.

"இந்தச் செவுரு தடிமனைப் பாருங்க. வாசல்ல ஒரு முள்ளுகூட இல்ல, துளையெல்லாம் ஆழத்துல கெடக்கு. இதே கல்லுல இருந்த நாப்பதைப் பாருங்க, செவுரு கண்ணாடி மாதிரி, வாசலைச் சுத்தி முள்ளு. நாப்பது ஏற்கெனவே பேரு வச்ச இனம். இது யாருமே பாக்காததுண்ணே. புதுசு!"

"ஒரே துண்டுதானேம்மா இருக்கு?"

"சாரும் அதான் கேட்டாரு. படத்தைப் பாத்ததும் அவரே சரின்னுட்டாரு. கடைசி அத்தியாயமே இதுதான். பேருகூட முடிவு பண்ணிட்டேன். அருளப்பனி."

"என் பேரா? எதுக்கும்மா?"

"பின்ன? இவ்ளோ சின்னதைக் கல்லுலேருந்து முழுசா எடுத்தது யாரு?"

முழுசா என்றாள். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. காலனியின் நடுவில் இருப்பவை வயதான அறைகள். வருஷம் ஏற ஏறச் சுவர் தடித்து, முள் உதிர்ந்துபோகும். ஓரத்தில் இருப்பவை இளசு, மெல்லிய சுவரும் முள்ளுமாக இருக்கும். துருவத்தில் குளிர்கால இருட்டில் தீனி கிடையாது. காலனி வளராமல் நின்று, வெளிச்சம் வந்ததும் மறுபடி வளரும். நின்ற இடத்தில் ஒரு கோடு விழும், அங்கே சுவர் பலவீனம். என் கத்தி நெம்பியபோது சரியாக அந்தக் கோட்டோடு பிரிந்திருக்கிறது. ஒன்றாக இருந்திருந்தால், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக எல்லாம் ஒரே குடும்பம் என்று வள்ளி ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பாள். நான் கிழடுகளை ஒரு பாட்டிலிலும் இளசுகளை இன்னொரு பாட்டிலிலும் போட்டு, இரண்டு நம்பர் கொடுத்துவிட்டேன். அவள் என் லேபிளை நம்பினாள்.

அவள் அந்தப் படத்தை என் போனுக்கும் அனுப்பியிருந்தாள். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு, 'என் அப்பா பெயரில் ஒரு உயிரினம்' என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், மயிலாப்பூரில் எங்கள் பங்குக்காரர்கள் வரிசையாக வந்து கை கொடுக்கிறார்கள்.

"பிரதர், உங்க பேர்ல மீனாமே?"

"மீன் இல்லீங்க, இது வேற."

"என்னமோ ஒண்ணு. புனிதருக்கே செத்து நூறு வருஷம் கழிச்சுதான் பட்டம் குடுக்கிறாங்க. நீங்க உயிரோட வாங்கிட்டீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் உள்ளங்கை ஈரமாக இருந்தது. "இன்னாப்பா இப்டி வேர்க்குது?" என்று கேட்டு, தன் துப்பட்டாவில் துடைத்துவிட்டாள்.

வேலை செய்யும் இடத்தில் நான் சொன்னது பாபுவிடம் மட்டும்தான். எங்கள் வேன் டிரைவர். டீக்கடையில் அவனே ஆரம்பித்தான்.

"இன்னா நைனா, மூஞ்சி பேய் அறஞ்சா மாதிரி கீது?"

சொன்னேன். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டான்.

"அட, இதுக்கா? மெட்ரோகாரன் நாள் பூரா பூமியக் குத்திக்கினு கீறான். டேபிள் ஆடுது, டியூப்லைட் ஆடுது. அந்த அதிர்ச்சில தானா புட்டுக்கிச்சுன்னு சொல்லு. இல்லாட்டி ஒண்ணியும் சொல்லாத. கடலுக்கு அடியில கீற பூச்சி இங்க வந்து கம்ப்ளெய்ண்டு குடுக்கப் போவுதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பயம் இன்னும் கூடியது. புது இனம் என்று எழுதிவிட்டால் அந்தத் துண்டை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். என் காலத்துக்குப் பிறகும் பூட்டி வைத்துக் காப்பாற்றுவார்கள். என்றைக்காவது எந்த நாட்டிலிருந்தாவது ஒருவர் வந்து, இரண்டு பாட்டில்களையும் கேட்டு வாங்கி, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். அன்றைக்கு அவமானம் வள்ளிக்குத்தான். என் பேர் வெறும் பேராக அவள் பேருக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆனால் ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால்? அந்த ஆசையும் இருந்தது. வெள்ளிக்கிழமை எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு பாட்டில்களையும் எடுத்து வந்து திறந்தேன். இரண்டு பாட்டில்களை ஒரே சமயத்தில் திறக்கவே கூடாது என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். துண்டுகளை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி ஃபோர்செப்ஸ் இடுக்கியால் மெல்ல நகர்த்தினேன். பிறை நடுத்துண்டைச் சுற்றிப் போய் உட்கார்ந்தது. கோடு முடிகிற இடத்தில் மூன்று அறைகள் குறுக்கே பிளந்திருந்தன. பாதி இதில், பாதி அதில். அவற்றில் ஒன்று காவல் அறை. அடி நாற்பத்தொன்றில் இருந்தது, அலகு நாற்பதில் இருந்தது.

"அண்ணே! என்ன ரெண்டையும் தெறந்து வச்சிருக்கீங்க?"

வள்ளி டிபன் டப்பாவோடு வாசலில் நின்றாள். லேபிள் மாற்றுகிறேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நான் ஸ்டூலைவிட்டு எழுந்தேன்.

"நீயே பாரும்மா."

குனிந்து பார்த்தாள். ஃபோகஸை ஒருமுறை திருகினாள்.

"எப்ப ஒடஞ்சுது?"

"கல்லுலேருந்து எடுக்கும்போது. சாருக்குப் பயந்து ரெண்டு நம்பர் போட்டுட்டேன்."

"திங்கக்கெழம குடுக்கணும்ணே." குரல் எனக்கே கேட்காத அளவுக்கு வந்தது. "வேற யாருக்குத் தெரியும்?"

"பாபுக்குச் சொன்னேன்."

"அவருக்கு இது புரியாது." டிபன் டப்பாவைத் திறக்காமலே மேஜைமேல் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மூடி வைங்கண்ணே."

மூடி வைத்தேன்.

இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் குலை நடுங்குவது காலனி உடைந்த நிமிஷத்தை நினைத்து இல்லை, அடுத்த இரண்டு நாளை நினைத்துத்தான். சனியும் ஞாயிறும் நான் சந்தோஷமாக இருந்தேன். படித்த பிள்ளை, அவளே சொல்லிவிட்டாள், இனி என் கையில் ஒன்றுமில்லை என்று இருந்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். பூசைக்குப் போய், "ஆமாங்க, என் பேருதான்" என்று இரண்டு பேரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். பயம் போய்விட்டால் மனிதன் இப்படி ஆகிவிடுவானா என்று பிறகு நினைத்து நினைத்துப் பயந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை உள்ளே போனால் பெரிய சார் அறையின் கதவு திறந்திருந்தது. வள்ளி நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் இரண்டு பாட்டில்கள். நான் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன்.

"அஞ்சு வருஷமா என்னத்தைப் பாத்தே நீ? கிழட்டு அறைக்கும் புது இனத்துக்கும் வித்தியாசம் தெரியல?"

"என் தப்புதான் சார். ஒடஞ்ச ஓரத்தைச் சரியாப் பாக்கல."

"ஒடச்சது யாரு?"

"யாரும் இல்ல சார். கடல்லேருந்து அள்ளும்போதே கல்லோட ஒடஞ்சிருக்கும்."

வெளியே மெட்ரோ யந்திரம் குத்திக்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. நான் திரும்பி நடந்திருக்கலாம். வள்ளி அந்த வழியை எனக்காகத் திறந்து வைத்திருந்தாள். நான் போயிருந்தால், ஐந்து வருஷம் படித்தும் கண் தெரியாதவள் என்ற பேர் அவள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போனேன்.

"சார், கல்லுல முழுசாத்தான் இருந்துச்சு. நான்தான் ஒடச்சேன். ஒடச்சிட்டு, ரெண்டு காலனின்னு பொய்யா லேபிள் எழுதிட்டேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இந்த மாதிரி எத்தனை பாட்டில்?"

"இது ஒண்ணுதான் சார்."

"அதை நான் எப்படிய்யா நம்புறது?"

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

நான் பிரித்தெடுத்த துருவக் கடல் பாட்டில்கள் அத்தனையையும் ஒன்று விடாமல் திறந்து பார்க்க வேண்டும், அதுவரை ஆய்வேடு போகாது என்று சொல்லிவிட்டார். அலமாரி அலமாரியாக அறுநூற்றுச் சொச்சம் பாட்டில்கள் இருந்தன. வள்ளி பார்ப்பாள். நான் எதையும் தொடக்கூடாது. எதிரில் உட்கார்ந்து அவள் சொல்வதை எழுத வேண்டும். அவளுக்காக வைத்திருந்த வெளிநாட்டு வேலையை முதல் மாதத்திலேயே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை அவள் போனில் படித்ததை நான் எதிரிலிருந்து பார்த்தேன். படித்துவிட்டு, "அடுத்தது" என்றாள்.

வீட்டில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தாள். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள், "அந்தக்காவுக்கு வேற வேலை கெடைக்குமாப்பா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு பத்து மாதம் கழித்து ஒரு கடற்கரை ஊரில் கிடைத்தது. ஆனால் அப்போது எனக்கு அது தெரியாதே.

ஒவ்வொரு மூடி திறக்கும்போதும் நான் பாட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றுதான் என்று வாயால் சொல்லிவிட்டேன். ஆனால் பதினாறு வருஷத்தில் இன்னொன்றைச் செய்துவிட்டு மறந்திருந்தால்? நாற்பத்தொன்றையே மறந்தவன்தானே நான்? என் கையை நானே நம்பவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு பாட்டிலைத் திறந்து வள்ளி நிறுத்தினாள். உள்ளே இரண்டு துண்டுகள். அவள் லேபிளை ஃபோர்செப்ஸால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். என் கையெழுத்து, 'எடுக்கும்போது உடைந்தது'.

"இதை எழுத எவ்ளோ நேரம் ஆச்சுண்ணே?"

நான் நோட்டில் பாட்டில் எண்ணை எழுதினேன்.

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, லேபிளைப் பழையபடி உள்ளே போட்டு மூடினாள்.

இரண்டரை மாதத்தில் எல்லாப் பாட்டில்களும் முடிந்தன. வேறெதிலும் பொய் இல்லை. நாற்பதும் நாற்பத்தொன்றும் ஒரே பாட்டிலுக்குள் போயின. உடைத்தது அருளப்பன் என்று நானே லேபிள் எழுதினேன். வள்ளி புது இனம் இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுத்தாள்.

நான் பாட்டில் கழுவப் போனேன். அடுத்த கப்பலின் பெட்டிகள் வந்தபோது, ஆள் போதாமல், பெரிய சார் என்னைக் கூப்பிட்டு ஃபோர்செப்ஸைக் கொடுத்தார். முதல் கல்லை எடுத்தேன். கத்தி முனையை அடியில் கொடுத்து நெம்பினேன். காலனி மூன்றாக உடைந்தது.

பென்சிலை எடுத்து முதலில் லேபிள் எழுதினேன். பிறகுதான் துண்டுகளைப் பொறுக்கினேன். பாட்டிலோடு அவர் அறைக்கு நடந்தேன். பதினைந்து அடிதான் இருக்கும். நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒடச்சிட்டேன் சார்."

திட்டினார். அப்பளம் திரும்ப வந்தது, கப்பல் வந்தது, ஐஸில் கிடந்தவன் வந்தான். வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தி மூச்சு வாங்கியபோது இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

"நிக்கிறியே, போய் அடுத்த கல்லை எடு" என்றார்.